"மாஸ்டர், என் மேக்ஸ் எவ்வளவு?" ஜிம்மில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது எங்கள் ஜிம். ஒரு காலத்தில் நெல் குடோனாக இருந்த கட்டடம். மழை பிடித்தால் இன்னமும் சுவரிலிருந்து உமி வாசனை வரும். காலையில் கல்லூரிப் பையன்கள், சாயங்காலம் கடை சாத்திவிட்டு வருகிறவர்கள், லோடு வேலை பார்ப்பவர்கள் என்று கலவையான கூட்டம். யார் வந்தாலும் மூன்றாவது வாரம் இந்த ஒரு கேள்வி வந்துவிடும். ஆளாளுக்குச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிட்டேன்.

மேக்ஸ் என்றால் சரியாக என்ன?

ஒரு பயிற்சியை முழுத் தூரமும், யார் கையும் படாமல், ஒரே ஒரு தடவை செய்ய முடிகிற அதிகபட்ச எடை. இரண்டாவது தடவை முடியவே கூடாது. முழுப் பெயர் ஒன் ரெப் மேக்ஸ். ரெப் என்றால் ஒரு தடவை தூக்கி இறக்குவது. பெஞ்ச் பிரஸ்ஸுக்கு (படுத்து மார்பிலிருந்து தள்ளுவது) ஒன்று, ஸ்குவாட்டுக்கு (தோளில் சுமந்து குந்தி எழுவது) ஒன்று, டெட்லிப்டுக்கு (தரையிலிருந்து தூக்கி நிமிர்வது) ஒன்று எனத் தனித்தனியாக இருக்கும். யாராவது "என் மேக்ஸ் நூறு" என்று மொட்டையாகச் சொன்னால், எதில் என்று கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அது தெரிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

தினம் எவ்வளவு எடை போட வேண்டும் என்று முடிவு செய்ய உதவும். மேக்ஸில் 85 சதவீதம் வைத்தால் பெரும்பாலானவர்களுக்கு 6 ரெப் வரும். 80 வைத்தால் 8, 75 வைத்தால் 10 என்பது பொதுவாகப் பயன்படும் அட்டவணை. பலம் ஏற வேண்டுமென்றால் 80 சதவீதத்துக்கு மேலே குறைந்த ரெப். உடம்பு வைக்க வேண்டுமென்றால் 65 முதல் 80-க்குள் 8, 10, 12 என்று போவது வழக்கம். மேக்ஸ் தெரியாவிட்டால், பக்கத்து பெஞ்சில் இருப்பவர் போடுவதைப் பார்த்து அதையே நீங்களும் போடுவீர்கள். நம்மூரில் நடப்பது அதுதான்.

ஒரு சின்னக் கதை. அளந்து எடை ஏற்றுகிற இந்தப் பழக்கத்துக்கு வேர் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்குத் தாமஸ் டெலார்ம் என்ற ராணுவ மருத்துவர் எடைப் பயிற்சி கொடுத்துக் காலைத் தேற்றினார். 1945-இல் அதை எழுதினார். பயிற்சிக்கு அவர் அடிப்படையாக எடுத்துக்கொண்டது 10 ரெப். பத்துத் தடவை தூக்க முடிகிற எடையைக் கண்டுபிடித்து, அதில் பாதி, முக்கால், முழுசு என மூன்று செட் போடுவது அவர் பின்னால் 1948-இல் கொடுத்த முறை. நடுவில் ஓய்வில்லாமல் செய்கிற ரெப்கள் சேர்ந்தது ஒரு செட். புதிதாக வருகிறவர்களுக்கு நான் இன்றும் கொடுப்பது ஏறக்குறைய அதுதான்.

நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டால் போச்சு. கணக்கு எதற்கு?

பார்க்கலாம். ஒழுங்கான ரேக் (ராடைத் தாங்கும் ஸ்டாண்டு), பழக்கமான ஆள், பின்னால் நிற்கத் தெரிந்த இரண்டு பேர் இருந்தால் பார்க்கலாம். எத்தனை ஜிம்மில் இது மூன்றும் சேர்ந்து இருக்கிறது?

சில வருடம் முன்னால் வேறொரு ஊரில் ஒரு ஜிம்முக்குப் போயிருந்தேன். ஒரு தம்பி தனியாகப் படுத்து 90 கிலோ போட்டான். ராடு மார்பில் இறங்கியது, ஏறவில்லை. பிளேட் நழுவாமல் பிடிக்கும் லாக்கை இரண்டு பக்கமும் இறுக்கி முறுக்கியிருந்தான். அதனால் சாய்த்து பிளேட்டைச் சரியவிடவும் வழியில்லை. பாட்டுச் சத்தத்தில் அவன் முனகியது யாருக்கும் கேட்கவில்லை. கண்ணாடியில் அவன் கால் உதைப்பதைப் பார்த்துத்தான் ஓடினோம். விலா எலும்பு தப்பியது, மார்பில் ராடு அச்சு ஒரு வாரம் இருந்தது. பெஞ்சில் தனியாக இருந்தால் லாக் போடாதீர்கள், கட்டைவிரலை ராடைச் சுற்றிப் பிடியுங்கள். இந்த இரண்டையும் அன்றிலிருந்து சேர்க்கை நாளிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. உண்மையான மேக்ஸ் போட்ட நாளில் வேறு பயிற்சி எதுவும் உருப்படியாக நடக்காது. மறுநாளும் உடம்பு கனக்கும். அடித்துப் பிடித்துத் தெரிந்துகொள்ளும் அந்த எண்ணை, 5 ரெப் போட்டு ஒரு பேனாவால் கண்டுபிடிக்க முடிந்தால் எதற்கு அந்தப் பாடு?

சரி, அந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

இரண்டு சூத்திரம் போதும்.

முதலாவது எப்லி சூத்திரம். அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்த பாய்ட் எப்லி கொடுத்தது. ரெப் எண்ணிக்கையை 30-ஆல் வகுத்து, 1-ஐக் கூட்டி, எடையால் பெருக்கு. 60 கிலோவை 8 தடவை தூக்கினால் 60 × (1 + 8/30), அதாவது 76 கிலோ.

இரண்டாவது பிரிசிக்கி சூத்திரம். அமெரிக்கப் பயிற்சியாளர் மேட் பிரிசிக்கி 1993-இல் எழுதியது. எடையை 36-ஆல் பெருக்கி, 37-இல் ரெப்பைக் கழித்து வருவதால் வகு. அதே 60 கிலோ, 8 ரெப் என்றால் 60 × 36 ÷ 29. இதில் வருவது 74.5.

எப்லியை மனக்கணக்காகவே போட்டுவிடலாம். 3 ரெப் என்றால் எடையோடு பத்தில் ஒரு பங்கு, 6 ரெப் என்றால் ஐந்தில் ஒரு பங்கு, 10 ரெப் என்றால் மூன்றில் ஒரு பங்கு கூட்ட வேண்டியதுதான். 80 கிலோ 3 தடவை என்றால் 88. செல்போனை எடுக்கவே வேண்டாம்.

இரண்டும் வேறு வேறு விடை தருகிறதே, எதை நம்புவது?

10 ரெப்புக்கு இரண்டும் ஒரே விடை தரும், போட்டுப் பாருங்கள். அதற்குக் கீழே எப்லி கொஞ்சம் கூடுதலாகச் சொல்லும். மேலே போனால் பிரிசிக்கி எகிறும். 40 கிலோவை 20 தடவை தூக்கினால் எப்லி 67 என்கிறது, பிரிசிக்கி 85 என்கிறது. ஒரே ஆள், ஒரே செட், நடுவில் 18 கிலோ வித்தியாசம். 37 ரெப் போட்டால் பிரிசிக்கியில் பூஜ்யத்தால் வகுக்க வேண்டிவரும், கணக்கே உடைந்துவிடும். எப்லியிலும் ஓட்டை உண்டு. 90 கிலோவை ஒரே தடவை தூக்கி, அதுதான் உன் மேக்ஸ் என்று கண்ணெதிரே தெரிந்தாலும், சூத்திரம் 93 என்று சொல்லும்.

நான் இரண்டையும் போட்டுக் குறைவாக வருவதை நோட்டில் எழுதுவேன். கூடுதலாக வருவதைப் பையன்கள் வாட்ஸாப்பில் போட்டுக்கொள்கிறார்கள்.

அப்படியானால் எத்தனை ரெப்பில் சோதிப்பது நல்லது?

3 முதல் 5. புதியவர் என்றால் 8 வரை. 10-ஐத் தாண்டினால் அளப்பது பலத்தை அல்ல, தாக்குப்பிடிக்கும் சக்தியை.

சூடுபடுத்துவது முக்கியம். வெறும் ராடு 10 தடவை. பிறகு, மேக்ஸ் இவ்வளவு இருக்கும் என்று தோராயமாக நினைப்பதில் பாதி எடை 5 தடவை. முக்காலுக்குக் கொஞ்சம் கீழே 3 தடவை. மூன்று நான்கு நிமிடம் உட்காருங்கள். அப்புறம் சோதனை செட். அதற்கு முன் பத்து செட் போட்டுக் களைத்துவிட்டுச் சோதித்தால் வருவது உங்கள் களைப்பின் அளவு.

ராடு 20 கிலோதானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன்.

ஒலிம்பிக் பளுதூக்கும் போட்டிக்கான ஆண்கள் ராடு 20 கிலோ, பெண்கள் ராடு 15 கிலோ. அது போட்டியில். நம்மூர் ஜிம்மில் பாதி ராடு லேத் பட்டறையில் கடைந்தது. எங்களிடம் மூன்று ராடு இருக்கிறது. ஒரு நாள் மூன்றையும், எல்லா பிளேட்டையும் டாடா ஏஸில் ஏற்றிப் பக்கத்து ரைஸ் மில்லுக்குக் கொண்டுபோய், மூட்டை போடும் எலெக்ட்ரானிக் தராசில் வைத்தேன். மில்காரர் "என்ன தம்பி, இரும்பை அரைக்கணுமா?" என்றார். பெரிய ராடு 17.4 கிலோ. நேராகத் தெரிந்த இன்னொன்று 14.9. '20' என்று வார்த்திருந்த ஒரு பிளேட் 18.6-தான் நின்றது, அதன் ஜோடி 19.7. இத்தனை நாளும் அந்த ஜோடியைப் போட்டு ஸ்குவாட் செய்தவர்கள் எல்லாம் ஒரு பக்கம் ஒரு கிலோ அதிகம் சுமந்திருக்கிறார்கள்.

20 கிலோ ராடு, 20 கிலோ பிளேட் இரண்டு, ஆக 60 என்று நினைத்துத் தூக்கியது உண்மையில் 55.7. அதை 8 தடவை தூக்கி மேக்ஸ் 76 என்று சொன்ன பையனுக்கு எப்லிப்படியே 70.5-தான் வரும். எந்தச் சூத்திரம் நல்லது என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, ஒரு தடவை தராசுக்குப் போய் வருவது மேல். எடை போட்டபின் ஒவ்வொரு பிளேட்டிலும் பெயிண்டால் சரியான எடையை எழுதிவிட்டேன். ஒரு வாரம் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஒரே ராத்திரியில் எல்லோருடைய மேக்ஸும் இறங்கிப்போனால் பின்னே?

பின்னால் நிற்கிறவர் இரண்டு விரல் கொடுத்தால் அந்த ரெப் கணக்கில் வருமா?

வராது. "நான் தொடவே இல்லண்ணே, எல்லாம் நீங்கதான்" என்பார்கள். வீடியோ எடுங்கள். விரல் ராடைத் தொட்ட நொடியோடு எண்ணிக்கையை நிறுத்துங்கள். மார்பில் ராடை மோதித் துள்ளவிடுவது, பாதிக் குந்துவது, டெட்லிப்டில் தரையில் குதிக்கவிட்டு எழுப்புவது எல்லாம் இதே வகைதான். 7 என்று சொன்னதில் நேர்மையானது 4 என்று வந்தால், 4-ஐ வைத்தே கணக்குப் போடுங்கள்.

உயிர் போகும்வரை செய்யாமல் கணக்குப் போட முடியாதா?

முடியும். 70 கிலோவை 5 தடவை தூக்கி ரேக்கில் வைத்துவிட்டீர்கள், இன்னும் இரண்டு வந்திருக்கும் என்று தோன்றுகிறது. 7 ரெப் என்று வைத்துக்கொண்டு எப்லி போட்டால் 86 வரும். சிக்கல் அந்தத் 'தோன்றுகிறது'தான். புதியவர்கள் இன்னும் இரண்டு என்பார்கள், பின்னால் நின்று அதட்டினால் ஐந்து வரும். சிலர் நேர் எதிர். இரண்டு என்று சொல்லிவிட்டு அடுத்ததிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

இதற்கு ராடின் வேகத்தைப் பாருங்கள். பெஞ்ச் பிரஸ்ஸில் உண்மையான மேக்ஸ் எடை மேலே ஏறும் வேகம், சராசரியாக நொடிக்குச் சுமார் 16 சென்டிமீட்டர் என்று அளந்திருக்கிறார்கள். மார்பிலிருந்து கை நீள இரண்டு நொடிக்கு மேல் ஆகும். உங்கள் கடைசி ரெப் சட்டென்று ஏறியதென்றால் இன்னும் பாக்கி இருக்கிறது. ஆமை மாதிரி ஊர்ந்ததென்றால் அதுதான் எல்லை. வீடியோவில் நொடியை எண்ணினாலே தெரிந்துவிடும்.

நான் நாள் முழுக்க நெல் மூட்டை தூக்குகிறேன். பெஞ்சில் காலேஜ் பையனைவிடக் குறைவாக வருகிறதே, இது என்ன நியாயம்?

கேட்டவர் கொள்முதல் நிலையத்தில் லோடு வேலை பார்க்கும் அண்ணன். குறுவை, சம்பா அறுவடை நாட்களில் ஜிம்முக்கே வரமாட்டார், வர முடியாது. அரசு கொள்முதலில் ஒரு சிப்பம் 40 கிலோ. அதை முதுகில் வாங்கி, பலகையில் ஏறி, லாரியில் அடுக்கி, இறங்கி, மறுபடியும் அடுத்தது. அவர் பெஞ்சில் 50 கிலோவை 4 தடவை தூக்கினார். குறைவான கணக்குப்படி 54.5. பக்கத்தில் இருந்த பி.காம். பையனுக்கு 75. அண்ணன் முகம் சுருங்கிவிட்டது.

உடம்பு எதைச் செய்து பழகியதோ அதில்தான் பலம் காட்டும். மூட்டை வேலையில் கால், இடுப்பு, முதுகு, பிடி எல்லாம் உழைக்கின்றன. படுத்துக்கொண்டு நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் வேலை அதில் எங்கே இருக்கிறது? தவிர, 40 கிலோவை நூற்றுக்கணக்கான தடவை சுமப்பதை எந்தச் சூத்திரத்தில் போட்டாலும் அபத்தமாக வரும். 10 ரெப்புக்கு மேலேயே அது தடுமாறும் என்று சொன்னேனே, அதுதான்.

மூன்றாவது வாரம் டெட்லிப்ட் பழக்கினேன். 110 கிலோவை 5 தடவை, முதுகு நேராக, மூச்சு வாங்காமல் எடுத்தார். குறைவான கணக்கிலேயே 123-க்கு மேல் வருகிறது. டெட்லிப்டில் இந்தச் சூத்திரங்கள் இருப்பதைவிடக் குறைத்துச் சொல்லும் பழக்கம் உடையவை, எனவே உண்மை அதற்கும் மேலே இருக்கலாம். பி.காம். பையன் 80-இல் நின்றுவிட்டான். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மெஷின், டம்பெல், புல் அப் இதற்கெல்லாம் இந்தக் கணக்கு செல்லுமா?

மெஷினில் செல்லும், ஆனால் அந்த மெஷினுக்கு மட்டும். கப்பி மாறினால் கனம் மாறும். சாய்ந்த லெக் பிரஸ் (காலால் எடையைத் தள்ளும் மெஷின்) 45 டிகிரி என்றால், 100 கிலோ ஏற்றினாலும், உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், உங்கள் காலுக்கு வருவது 70 கிலோ அளவுதான். லெக் பிரஸ்ஸில் 300 போட்டேன் என்கிறவர் ஸ்குவாட்டில் 90-க்குத் திணறுவதன் ரகசியத்தில் ஒரு பாதி இது.

டம்பெல்லில் ஒரு கை எடையை எழுதுங்கள், இரண்டையும் கூட்டி ராடில் போடும் எடையோடு ஒப்பிட வேண்டாம்.

புல் அப் என்றால் கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது, அதனால் அதில் உடம்பையும் சேர்க்க வேண்டும். உடம்பு 70, இடுப்பில் 10 கிலோ கட்டி 5 தடவை. அப்போது 80-ஐ வைத்துக் கணக்கு. எப்லியில் 93 வரும், அதில் உடம்பு 70-ஐக் கழித்தால் 23. அதாவது 23 கிலோ கட்டிக்கொண்டு ஒரு தடவை ஏறலாம்.

போன வாரம் 85 வந்தது, இந்த வாரம் 81. பலம் போய்விட்டதா?

இல்லை. தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா? தகரக் கூரைக்குக் கீழே கத்திரி வெயிலில் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சோதித்தால் யாருக்கும் குறையும். மார்கழி காலையில் உடம்பு சூடேறவே இருபது நிமிடம் ஆகும். கூத்தாநல்லூர்ப் பக்கத்திலிருந்து வரும் தம்பிகள் நோன்பு மாதத்தில் சோதனையே வைப்பதில்லை, இருக்கும் எடையைக் காப்பாற்றிக்கொண்டால் போதும் என்று விட்டுவிடுவோம். புரட்டாசி விரதக்காரர்களுக்கும் அப்படித்தான். ஐந்து சதவீதம் ஏறுவதும் இறங்குவதும் சகஜம். ஒரே நேரம், ஒரே ராடு, ஒரே வரிசையில் சோதித்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

கை வியர்த்தால் ஜிம் சாக்பவுடர் வாங்குங்கள், அது மக்னீசியம் கார்பனேட். முகத்துக்குப் போடும் பவுடர் வழுக்கும். ஒருவர் விபூதி போட்டுப் பார்த்தார், பலனில்லை.

பெண்களுக்குத் தனிச் சூத்திரமா?

இல்லை, இதேதான். ஒரே சதவீத எடையில் ஆண்களைவிட ஓரிரண்டு ரெப் கூடுதலாகப் போடுகிறவர்கள் அவர்களில் நிறைய. அதனால் 5 ரெப்புக்குள் சோதித்தால் கணக்கு நெருங்கி வரும்.

மகன் பத்தாம் வகுப்பு. எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்கிறார்களே?

முறையாகச் செய்தால் நிற்காது, அது பழைய பயம். ஆனால் அவனுக்கு மேக்ஸ் சோதனை வேண்டாம். 10 ரெப் அழகாக வருகிற எடையில் ஒரு வருடம் போகட்டும். எங்கள் ஜிம்மில் பள்ளிக்கூடப் பையன்களின் பக்கத்தில் மேக்ஸ் என்ற கட்டமே கிடையாது.

எனக்கு வயது 52, பிரஷர் மாத்திரை போடுகிறேன்.

முதலில் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கித் தூக்கும்போது ரத்த அழுத்தம் எங்கேயோ போகும். 1985-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பாடிபில்டர்களின் கைத் தமனிக்குள்ளேயே குழாய் வைத்து அளந்தார்கள். இரண்டு காலாலும் லெக் பிரஸ் செய்தபோது சராசரி 320/250 காட்டியது. நல்ல ஆரோக்கியத்தில் இருந்த வாலிபர்களுக்கே அவ்வளவு. உங்களுக்கு 12 ரெப், அதிலும் மூன்று நான்கு பாக்கி வைத்து, தூக்கும்போது மூச்சை விட்டுக்கொண்டு. மேக்ஸ் தெரியாமலே நன்றாக முன்னேறலாம்.

ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க்குக்கும் இப்படிக் கணக்கிடலாமா?

வேண்டாம். இரண்டும் தரையிலிருந்து தலைக்கு மேலே தூக்குவது; ஸ்நாட்ச் ஒரே வீச்சில், மற்றது தோளில் நிறுத்தி இரண்டு கட்டமாக. அதில் பலத்தோடு வேகமும் நுணுக்கமும் சேர்ந்திருக்கின்றன. வேலூர்க்காரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்நாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, மொத்தம் 328 தூக்கித் தங்கம் வாங்கினார். அந்த எடையை ஐந்து ரெப் கணக்கில் கண்டுபிடிக்க முடியாது. களைப்பில் கால் வைக்கும் இடம் ஓர் அங்குலம் பிசகினால் ராடு கீழே.

கணக்கு வந்துவிட்டது. அப்படியே அதை வைத்துப் பயிற்சியை ஆரம்பிக்கலாமா?

அதில் பத்து சதவீதத்தைக் கழித்துவிட்டு ஆரம்பியுங்கள். 80 வந்தால் 72 என்று வைத்துக்கொண்டு, சதவீதங்களை அதிலிருந்து எடுங்கள். முதல் இரண்டு வாரம் லேசாகத்தான் இருக்கும், இருக்கட்டும். பல ஜிம்மில் ஆகச் சின்ன பிளேட் 2.5 கிலோ. இரண்டு பக்கமும் போட்டால் ஒரே தாவலில் 5 கிலோ. ஆரம்பத்தில் இடம் விட்டு வைத்தால்தான் அந்தத் தாவலுக்கு உடம்பு தாங்கும். முடிந்தால் 1.25 கிலோ ஜோடி ஒன்று சொந்தமாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை சோதிப்பது?

ஆறிலிருந்து எட்டு வாரம். புதியவர்களுக்கு முதல் மூன்று மாதம் வேண்டவே வேண்டாம். அந்தக் காலத்தில் எண் ஏறுவது பெரும்பாலும் உடம்பு அந்த அசைவைக் கற்றுக்கொள்வதால்.

செயலி ஏதாவது இறக்கிக்கொள்ளவா?

இறக்கிக்கொள்ளுங்கள், உள்ளே ஓடுவது பெரும்பாலும் மேலே சொன்ன இதே கணக்குகள்தான். எந்த ராடு என்று அது கேட்காது. அதனால் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: "பெஞ்ச், பெரிய ராடு 17.4, மொத்தம் 57.4, 6 ரெப், ஆறாவது இழுத்தது, கை படவில்லை, ராத்திரி தூக்கம் 5 மணி நேரம், மேக்ஸ் 66.7."